சரளைப் பாதையில் கூட்டாக ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்

சைக்கிள் ஓட்டப் பழகிய நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். அகலமான தெரு, நடுவில் ஒரே ஒரு கல். 'ஐயோ, கல்!' என்று அதையே பார்த்துக்கொண்டு வருவோம். முன்சக்கரம் நேராகப் போய் அந்தக் கல்லின் மேல்தான் ஏறும். சில மாதங்கள் கழித்து அதே தெருவில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டுவோம். சைக்கிள் தானாகவே நேராகச் செல்லும். தார் இல்லாத பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு வேண்டிய பாடத்தில் பாதி இந்த இரண்டு அனுபவங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, கூட்டத்தோடு செல்லும்போது கற்றுக்கொள்ள வேண்டியது.

மண், சரளை, மணல், ஓடை என்று கரடுமுரடான வழிகளில் பத்துப் பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவது இப்போது பரவலாகிவிட்டது. அப்படி ஒரு குழுவில் முதன்முறையாகச் சேருகிறவருக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று, விழுந்துவிடுவோமோ என்பது. மற்றொன்று, பின்தங்கிவிடுவோமோ என்பது. இவற்றுள் இரண்டாவது பயமே ஆபத்தானது என்பது என் கருத்து. ஏனெனில் முதல் பயம் வேகத்தைக் குறைக்கச் சொல்லும். இரண்டாவது வேகத்தைக் கூட்டச் சொல்லும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை, நான் புதியவனாகச் சென்ற ஒரு பாதையை வைத்தே விளக்குகிறேன்.

இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் தலைமையூர் காஜா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். அங்கிருந்து மேற்கே லோசர் என்ற கிராமத்தைக் கடந்து, சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஜும் கணவாயில் ஏறி இறங்கி, சந்திரா நதியின் கரையோடு பாதல், சத்ரூ என்ற இடங்களைத் தாண்டினால் கிராம்ஃபூ வரும். மொத்தம் ஏறத்தாழ 135 கி.மீ. சாலையைச் சீராக்கும் வேலைகள் ஆண்டுதோறும் நடந்து வந்தாலும், கணவாய்க்கு மேற்கே உள்ள பகுதி கரடுமுரடுக்குப் பெயர் போனது. உருண்டைக் கற்களும் சரளையும் ஓடைகளுமாக, மணிக்கு 15, 20 கி.மீ. போனாலே அதிகம் என்னும்படி இருக்கும்.

மணாலியிலிருந்து நேராக இந்த வழியே காஜாவுக்கு வந்துவிடலாமே, ஏன் காஜாவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு தூங்கி எழுந்தவர் மறுநாள் இரவு காஜாவில் படுத்தால், ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறியிருப்பார். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலிருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. மீறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எனத் தொடங்கும் மலைநோய் சிலருக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்கு முற்றிவிடும். ஆகவே விவரமறிந்த குழுக்கள் சிம்லா, கின்னௌர் வழியாகப் படிப்படியாக ஏறி, காஜாவில் உடம்பைப் பழக்கிக்கொண்டு, பிறகு இந்தப் பாதையில் இறங்கும். எங்கள் குழுவும் அப்படித்தான் வந்தது. எட்டு வண்டிகள். அவர்களில் கல்லும் மண்ணும் புதிது எனக்கு மட்டுமே.

முதல்நாள் மாலை காஜாவில் டயர்களைச் சோதித்தார்கள். அப்போது ஒரு வேடிக்கையைக் கண்டேன். சமவெளியில் 30 பவுண்டு காற்று அடித்துக்கொண்டு வந்த டயர், 3,650 மீட்டர் உயரத்தில் எவ்வளவு காட்ட வேண்டும்? நாம் வைத்துப் பார்க்கும் அழுத்தமானி டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை அப்படியே காட்டுவதில்லை. உள்ளே இருப்பதற்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு, காஜாவில் ஏறக்குறைய 9.4 பவுண்டு. எனவே மானி 35க்கு மேல் காட்ட வேண்டும். பகலில் அப்படித்தான் காட்டியது. ஆனால் மறுநாள் விடியற்காலையில், குளிர் உறைநிலைக்கு இறங்கியிருந்தபோது, அதே டயர் 31 என்றது! சமவெளியில் 30 டிகிரி வெப்பத்தில் அடித்த காற்று 0 டிகிரியில் சுருங்கியதால் ஏற்பட்ட இறக்கம், உயரத்தால் வந்த ஏற்றத்தை ஏறத்தாழச் சரிக்கட்டிவிட்டது. ஆகவே காலையில் பார்த்து அளவை வைப்பவர் மதியம் ஒருமுறை மறுபடியும் பார்த்துக்கொள்வது நல்லது.

டயரில் காற்றைக் குறைப்பது எதற்காக? டயர் தரையில் அழுந்தும் பரப்பைத் தோராயமாகக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: சக்கரத்தின் மேல் உள்ள சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் போதும். பின்சக்கரத்தின் மேல் 120 கிலோ சுமை என்று கொள்வோம். 30 பவுண்டு என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 2.1 கிலோ. அப்போது தரையைத் தொடும் பரப்பு 57 சதுர செ.மீ. காற்றை 20 பவுண்டுக்கு இறக்கினால் அது 86 சதுர செ.மீ. ஆகிறது, அதாவது பாதிப் பங்கு கூடுகிறது. அத்துடன், மெத்தென்று ஆன டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு போகிறது. அப்படியானால் இன்னும் இறக்கலாமே என்றால், கூடாது. கூரான கல்லில் மோதும்போது டயர் முழுவதும் நசுங்கி, உள்ளே இருக்கும் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே அகப்பட்டுக் கிழியும். மணலுக்கு ஏற்ற அழுத்தம் கல்லுக்கு ஆகாது. எங்கள் முன்னோடி 24 பவுண்டோடு நிறுத்திக்கொண்டார்.

முன்னோடி என்று சொன்னேனே, அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் அன்று இரவு சாப்பாட்டின்போது பேச்சு. குழுவுக்கு முதலில் செல்பவரை 'லீட்' என்பார்கள். அவர் வழி தெரிந்தவர். கடைசியில் வருபவர் 'ஸ்வீப்'; அவர் பழுது பார்க்கவும் முதலுதவி செய்யவும் தெரிந்தவர். இவ்விருவருக்கும் இடையில் யார் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பாதை பிரியும் இடம் ஒன்று வந்தால், முன்னோடிக்கு அடுத்து வருபவர் அங்கேயே வண்டியை நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்குத் திசை காட்டி நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் கடந்து, கடைசியில் ஸ்வீப் வந்து தலையசைத்த பிறகே அவர் கிளம்பலாம். இப்போது அவர் ஸ்வீப்புக்கு முன்னால், வரிசையின் கடைசிப் பகுதியில் இருப்பார். அடுத்த பிரிவில் வேறொருவர் நிற்பார். இங்ஙனம் வரிசை சுழன்றுகொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் மற்ற நாடுகளிலும் காட்டுப் பாதைகளில் ஓட்டும் குழுக்கள் கையாளும் முறை இது.

இதிலுள்ள நயத்தைக் கவனியுங்கள். எனக்கு முன்னால் போகிறவர் என் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிரிவு இல்லாத இடத்தில் பாதை ஒன்றுதான். பிரிவு உள்ள இடத்தில் ஆள் நிற்பார். ஆகவே நான் என் வேகத்தில் வரலாம். துரத்த வேண்டியதில்லை. எட்டுப் பேர் என்றால் லீட், ஸ்வீப் போக மீதி ஆறு பேர். முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே அரை மணி நேர இடைவெளி விழுந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரிவு வந்தால், ஸ்வீப் முதல் பிரிவை அடைவதற்குள் நிறுத்துவதற்கு ஆளே மிஞ்சாது. அப்போது முன்னோடி தானே நின்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தவரே நல்ல முன்னோடி. புதியவர் ஒரு குழுவில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி, 'உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது?' என்பதல்ல, 'கடைசியில் யார் வருகிறார்? பிரிவில் யார் நிற்பார்?' என்பதே. 'எல்லாரும் சேர்ந்தே போவோம், பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அந்தக் குழுவை விட்டுவிடுவது மேல்.

காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். லோசரைத் தாண்டிச் சரளை தொடங்கியதும் என் கைகள் ஹாண்டில்பாரை இறுகப் பற்றிக்கொண்டன. முன்சக்கரம் இடமும் வலமுமாக நெளிந்தது. நெளிய நெளிய இன்னும் இறுக்கினேன். அடுத்து நின்றபோது ஸ்வீப்பாக வந்தவர் அருகில் வந்து, "தம்பி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். வழியை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்றார்.

அது எப்படித் தானே பார்த்துக்கொள்ளும்? முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வுக் கோட்டை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைச் சந்திக்கும். அதாவது சக்கரம் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருகிறது. தள்ளுவண்டியின் சிறிய சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது பின்னால் திரும்பி நேராகிவிடுகிறது அல்லவா? அதே தத்துவம். கைவிட்டு ஓட்டிய சைக்கிள் நேராகச் சென்றதற்கும் இது ஒரு காரணம். கல்லில் பட்டு விலகிய சக்கரத்தை இந்த அமைப்புத் தானே நேராக்க முயல்கிறது. இறுக்கிப் பிடித்த கை அதைத் தடுக்கிறது. தடுப்பதோடு, சக்கரத்தின் உதறலை வண்டி முழுவதற்கும் கடத்தியும் விடுகிறது.

கண்ணின் வேலையும் அதைப் போன்றதே. சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லைப் பார்த்தால் கை அதன் பக்கமே வண்டியைக் கொண்டுபோகும். இருபது, முப்பது மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நாம் பயப்படுவதைப் பார்க்கிறோம், பார்ப்பதை நோக்கிப் போகிறோம். தெருக்கல் கற்றுத்தந்த பாடம் இதுதான்.

இந்தப் பாதைகளில் நின்றுகொண்டு ஓட்டுவார்கள். கேட்டால், "நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும்" என்று பலர் சொல்வார்கள். இது தவறு. எழுந்து நின்றவரின் உடல் உயர்ந்துதானே போகிறது? ஆகவே ஈர்ப்பு மையமும் உயரத்தான் செய்யும். நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது ஆளும் வண்டியும் ஒரே கட்டை. வண்டி ஓர் அடி துள்ளினால் ஆளும் துள்ளுகிறார். நிற்கும்போது முழங்கால்கள் மடங்கி விரிந்து வில்லாக வேலை செய்கின்றன. வண்டி தன் இஷ்டத்துக்கு ஆட, மேலே உடல் ஏறக்குறைய அசையாமல் செல்கிறது. வண்டியைச் சாய்ப்பதற்கும் ஹாண்டில்பாரை இழுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக் கால்மிதியை அழுத்தினாலே போதும். மேலும், நிற்பவருக்குப் பாதை தூரம்வரை தெரியும்.

இனி வேகத்தின் கணக்கு. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தாரில் டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றும் தளர்ந்த சரளையில் 0.4 என்றும் தோராயமாகக் கொள்ளலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருபவர் பிரேக் போட்டபின் தாரில் 8 மீட்டரில் நிற்பார்; சரளையில் 16 மீட்டர் ஆகும். கண் பார்த்துக் கை இயங்குவதற்கு ஒரு விநாடி என்றால், அதற்குள் மேலும் 11 மீட்டர் ஓடிவிடும். ஆக மொத்தம் 27 மீட்டர். அதே சரளையில் 20 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு எல்லாம் சேர்த்து 10 மீட்டருக்கும் குறைவு. முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதியில் 15 மீட்டர்தான் தெரிகிறது என்று வையுங்கள். அவரைப் பிடித்துவிட வேண்டும் என்று 40 கி.மீ. வேகத்தில் துரத்துபவர், பார்க்கவே முடியாத இடத்தில் போய் நிற்கப்போகிறார் என்பது தெளிவு. பின்தங்கும் பயம் ஆபத்தானது என்றேனே, அதற்கு ஆதாரம் இந்த எண்கள்தாம். புழுதி அடங்கும்வரை நின்று போனாலும் பிரிவில் ஆள் நிற்பார்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சரளையில் முன்சக்கரம் உருளாமல் நின்று வழுக்கத் தொடங்கினால் பக்கவாட்டுப் பிடி போய்விடும். திசை திருப்ப முடியாது. வண்டி ஒரு நொடியில் சாய்ந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் உண்டு. எனவே இறக்கத்தில் சிறிய கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, பின் பிரேக்கை மென்மையாகவும் முன் பிரேக்கை இரண்டே விரலால் படிப்படியாகவும் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குன்ஜும் ஏற்றத்தில் இரண்டு முறை விழுந்தேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 57 சதவீதம்தான். என்ஜினுக்கும் அவ்வளவு குறைவாகவே ஆக்ஸிஜன் கிடைப்பதால் அதன் சக்தியும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் சரிகிறது. எரிபொருள் அளவைத் தானே திருத்திக்கொள்ளும் இன்றைய வண்டிகள் கரும்புகை கக்குவதில்லையே தவிர, இழந்த சக்தியை அவற்றாலும் திருப்பித் தர முடியாது. மனிதனின் நிலையும் அதுவே. சுமார் 200 கிலோ எடையுள்ள வண்டியைத் தூக்கி நிறுத்தியபின் ஐந்து நிமிடம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இருமுறையும் காப்பாற்றியவை கணுக்காலை மூடிய பூட்ஸும் முழங்கால் கவசமும். ஹெல்மெட்டைச் சொல்லவே வேண்டியதில்லை.

கணவாயிலிருந்து இறங்கினால், பாதலுக்குச் சற்று முன்பாகப் பாதை பிரிகிறது. வலப்பக்கம் திரும்புவது சந்திரதால் ஏரிக்குச் செல்லும் ஒடுங்கிய வழி. இடப்பக்கம் பாதல். ஏறத்தாழ 120 கி.மீ.க்குள் குழுவுக்கு வந்த முக்கியமான பிரிவு அது ஒன்றுதான். நான் வந்தபோது அங்கே யாரும் இல்லை.

நடந்தது இது. அங்கு நிறுத்தப்பட்டவர் குளிர்காற்றில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். வேறு யாரோ ஒரு பயணி எங்கள் ஸ்வீப்பினுடையதைப் போன்ற ஆரஞ்சு நிறச் சட்டையோடு கடந்து போகவே, எல்லோரும் போய்விட்டதாக எண்ணிக் கிளம்பிவிட்டார். வந்த வண்டிகளை அவர் எண்ணவில்லை. நானோ டயர்த் தடங்கள் அதிகமாகத் தெரிந்த வலப்பக்கம் திரும்பினேன். அவை ஏரிக்குப் போன சுற்றுலா வண்டிகளின் தடங்கள். மூன்று கி.மீ. போன பிறகே சந்தேகம் வந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. பக்கத்தில் செங்குத்தான சரிவு. முன்னால் போனால் யாரையாவது காணலாம் என்றது மனம். இரவு சொன்ன ஒரு விதி மட்டும் நினைவுக்கு வந்தது: சந்தேகம் வந்தால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி, அங்கேயே நில். திரும்பினேன். பிரிவில் ஸ்வீப் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். பிரிவில் ஆள் இல்லாததைக் கண்டதுமே ஏதோ தவறு என்று அவருக்குப் புரிந்துவிட்டதாம். அவர் எனக்காகப் பாதல்வரை தேடிப் போயிருந்தால், நான் திரும்பி வந்தபோது அந்த இடம் மறுபடியும் வெறுமையாகவே இருந்திருக்கும்.

இதனால் போனது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியின் விலை சத்ரூவுக்கு முன்னால் தெரிந்தது. இங்குள்ள ஓடைகள் பனிக்கட்டி உருகி வருபவை. இரவில் உருகல் குறைவதால் காலையில் நீர் தாழ்ந்திருக்கும். வெயில் ஏற ஏற, பிற்பகலில் பெருகும். இவற்றில் ஒன்றின் பெயரே 'பாகல் நாலா', பைத்தியக்கார ஓடை. அதிகாலையில் கிளம்பியதன் காரணம் இதுதான். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் படுக்கையிலிருந்து எழுவதில் மிச்சப்படுத்த வேண்டும், சரளையில் அல்ல.

ஓடும் நீரின் தள்ளுவிசையும் வேகத்தின் வர்க்கப்படி கூடும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், மூழ்கியிருக்கும் வண்டியின் பக்கத்தை 15 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுகிறது என்றால், 2 மீட்டர் வேகத்தில் அது 60 கிலோ. அதோடு, வண்டி பாதி மூழ்கினால் மிதப்பு விசை டயரின் பிடியைக் குறைத்துவிடும். நாங்கள் போனபோது நீர் முழங்காலுக்கு மேல். முன்னோடி முதலில் காலால் நடந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு வண்டியாக, என்ஜினை ஓடவிட்டு, இருவர் பக்கத்தில் நடந்து தள்ளிக் கடத்தினோம். நடப்பவர்கள் நீர் வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் இருந்தால், சாயும் வண்டி ஆளின் மேல் விழுந்து நீருக்குள் அழுத்திவிடும்.

ஒரு வண்டி நடு ஓடையில் சாய்ந்து என்ஜின் நின்றது. ஓட்டியவர் பழக்கத்தில் ஸ்டார்ட்டரை அழுத்தப் போனார். நான்கு பேர் சேர்ந்து கத்தித் தடுத்தோம். காற்றுக்குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கலாம். காற்றைப் பிஸ்டன் அமுக்கும். நீரை அமுக்க முடியாது. அப்போது ஸ்டார்ட்டரின் வேகத்துக்கு வளைவது கனெக்டிங் ராடாகத்தான் இருக்கும். கரைக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என்ஜினைச் சுழலவிட்டு நீரை வெளியேற்றி, காற்று வடிகட்டியைப் பிழிந்து உலர்த்தி மறுபடி கிளப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிரிவிலிருந்து முன்னதாகக் கிளம்பியவர்தான் அந்த வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் இப்படியொரு பாதையில் தொடங்க வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கத்து மண் பாதையிலும் மைதானத்திலும் நின்று ஓட்டவும், பின்சக்கரம் வழுக்கும்போது பதறாமலிருக்கவும், விழுந்த வண்டியை முதுகை வளைக்காமல் கால் வலுவால் தூக்கவும் பழகுங்கள். காப்புக் காடுகளுக்குள் மட்டும் அனுமதியின்றி நுழையாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அங்குள்ள விலங்குகளுக்கும் தொல்லை. பிறகு ஒரு நாளில் போய்த் திரும்பும் சிறிய குழுவோடு செல்லுங்கள். அங்கே பிரிவில் நிற்கும் முறை உங்களுக்கும் ஒருநாள் வரும். நிற்கும்போது கடந்து போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணுங்கள்.

கிராம்ஃபூவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து கோக்சர் வழியாக, 2020இல் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையில் மணாலிக்கு இறங்க வேண்டும். நல்ல தார்ச் சாலை. கை ஆக்ஸிலேட்டரைத் தேடும். ஆனால் 24 பவுண்டு காற்றோடு தாரில் வேகமாகப் போனால் டயர் நெளிந்து நெளிந்து சூடேறும், வளைவில் வண்டி தள்ளாடும். எனவே முதல் தார்த்துண்டு வந்ததும் எல்லோரும் ஓரமாக நின்று, கால்பம்பை ஒருவர் மாற்றி ஒருவர் மிதித்து, பதினாறு டயர்களுக்கும் மறுபடி காற்றடித்தோம்.